பட்டம் படித்துக் காக்கி போட்ட தம்பிக்கு

தம்பி ஆறுமுகம், என் ராசாவே,

நீ போன பிறகு உன்னோடு மனசுக்குள் பேசாத நாள் எனக்கு இல்லை. எழுத்தில் பேசுவது இதுதான் முதல் தடவை. உனக்கு மட்டும் என்று மூடி வைக்காமல், நாலு பேர் படிக்கும்படி எழுதுகிறேன். அதற்குக் காரணம் இருக்கிறது.

கோலாலம்பூரில் நம் பிரிக்பீல்ட்ஸ் தெருவில் இப்போது எல்லாரும் என்னைக் கேட்பது ஒரே கேள்விதான். "மாத்தா வேலைக்குப் போகப்போற பையனை எதுக்கம்மா மெட்ராஸுக்கு அனுப்பி பி.ஏ. படிக்க வெக்கிறே? போலீஸ்காரனுக்கு எதுக்குப் பட்டம்?" என் மகன் நடராஜனைத்தான் சொல்கிறார்கள். கோயிலில் கேட்கிறார்கள். பாசாரில் மீன் வாங்கிக்கொண்டு நிற்கும்போது கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் நின்று பதில் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. உன் கதையைச் சொன்னால் அதுவே பதிலாகிவிடும் என்று தோன்றியது. உன்னிடமே சொல்கிறேன். அவர்களும் கேட்டுக்கொள்ளட்டும்.

நீ பி.ஏ. முடித்துவிட்டு மெட்ராஸ் கப்பலில் வந்து இறங்கிய நாள் நினைவிருக்கிறதா? அப்பா ரயில்வே பட்டறையில் லீவு கேட்டு வாங்கிக்கொண்டு துறைமுகத்துக்கு வந்திருந்தார். எவ்வளவு தேய்த்துக் கழுவியும் அவர் கையில் எண்ணெய்க் கறை போகவில்லை. உன் வெள்ளைச் சட்டை அழுக்காகிவிடும் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நீதான் அந்தக் கையை இழுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாய். ரயிலில் வீடு வந்து சேரும்வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. சந்தோஷம் வந்தாலும் பேசமாட்டார், கோபம் வந்தாலும் பேசமாட்டார். நம் அப்பா அப்படித்தான்.

கோபம் சீக்கிரமே வந்தது. போலீசில் சேரப் போகிறேன் என்று நீ சொன்ன அன்று, அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை உதறினார்.

"கவர்மெண்டு ஆபீஸ்ல கணக்கெழுதற கிராணி வேலை இருக்கு. இங்கிலீஷ் ஸ்கூல்ல வாத்தியார் வேலை இருக்கு. பி.ஏ. படிச்சவனுக்கு மாத்தா வேலைதான் கெடச்சுதா?"

"நம்ம ஜனங்க கிராணிகிட்ட போறதைவிட மாத்தாகிட்ட மாட்டுறதுதான்ப்பா அதிகம். அங்க நம்மள்ல படிச்சவன் ஒருத்தன்கூட இல்லேன்னா எப்படி?"

"அதுக்கு நீதான் போகணுமா?"

"யாராவது போகணும்ல."

அதோடு அப்பா உன்னிடம் பேச்சை நிறுத்திவிட்டார். நீயும் போய்ச் சேர்ந்துவிட்டாய். அந்தக் காலத்தில் ஒரு தமிழ்ப் பையன் சப்-இன்ஸ்பெக்டர் ஆவது அபூர்வம். உன்னைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கே உன்னை என்ன செய்வது என்று தெரியவில்லை என்று சிரித்துக்கொண்டே சொல்வாய். கான்ஸ்டபிள்கள் பெரும்பாலும் மலாய்க்காரர்களும் சீக்கியர்களும். பிடிபட்டு வருகிறவர்களில் பாதிப்பேர் தோட்டத்துத் தமிழர்கள். நடுவில் நீ ஒருத்தன்.

நான் அப்போது தாலியை இழந்து, கைக்குழந்தை நடராஜனோடு அப்பா வீட்டில் இருந்தேன். உனக்குக் கிள்ளானில் வேலை கிடைத்ததும் என்னையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போனாய். ஆற்றுக்குத் தென்பக்கம் ஒரு சின்ன போலீஸ் ஸ்டேஷன். அதன் பின்னாலேயே பலகை வீடு. அடுப்படியில் நின்றால் ஸ்டேஷன் முன்கட்டில் பேசுவதெல்லாம் காதில் விழும். நீ காலையில் மேசையில் உட்கார்ந்து படிப்பாய். செய்தித்தாள் படிப்பாய் என்றால் இல்லை. சட்டம் படிப்பாய். அரசாங்கம் புதிதாக என்ன சட்டம் அச்சிட்டாலும் அதை வரவழைத்துப் பென்சிலால் கோடு போட்டுப் படிப்பாய்.

"பரீட்சை எல்லாம் முடிஞ்சு போச்சேடா, இன்னும் என்ன படிப்பு?" என்று கேட்பேன்.

"எனக்குத் தெரியாததால ஒரு ஆள் உள்ள போயிடக் கூடாது பாருக்கா" என்பாய். அன்றைக்கு அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இப்போது அந்த மத்தியான வேளையைச் சொல்கிறேன். நாம் கிள்ளானுக்குப் போய்ச் சில வருடம் ஆகி, நடராஜன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தான். கடல் பக்கமிருந்து மழை கருத்துக்கொண்டு வந்தது. நான் காயவைத்த துணியை எடுத்துக்கொண்டிருந்தேன். கோப்ரல் யூசோப் ஒரு புருஷன் பெண்சாதியை ரயிலடியிலிருந்து பிடித்துக்கொண்டு வந்தார். யூசோப் நல்ல மனுஷன். மலாய்க்காரர்தான், ஆனால் கிள்ளானில் பிறந்து வளர்ந்ததால் தமிழ் நன்றாகப் பேசுவார். பின்னாலேயே குடையும் கோட்டுமாக ஒரு கங்காணி. அந்த ஆண் பெயர் சின்னான், பெண் பெயர் காத்தாயி. பந்திங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர்கள். காத்தாயியின் தோளில் ஒரு பெண் குழந்தை துவண்டு கிடந்தது. அது அழவே இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

"ஓடிப்போன ஆளுங்கய்யா" என்றார் கங்காணி. "துரை கையோட கூட்டிட்டு வரச் சொன்னாரு. ஒரு மாத்தாவைக் கூட அனுப்புங்க, இழுத்துட்டுப் போயிடறேன்."

நீ எழுந்திருக்காமலே கேட்டாய். "எதுக்கு ஓடி வந்தாங்க?"

"அது எதுக்குய்யா உங்களுக்கு? எப்பவும் புடிச்சுக் குடுக்கறதுதானே."

நீ கங்காணியை விட்டுவிட்டுக் காத்தாயியைப் பார்த்தாய். அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டு சொன்னாள். "புள்ளைக்கு அனலா கொதிக்குதுங்க. பெரியாஸ்பத்திரிக்குப் போறேன்னு கேட்டோம். வேலை கெட்டுப் போவும்னு விடலீங்க. அதான் வந்துட்டோம்."

ஒரு காலத்தில் ஒப்பந்தக்காரன் தோட்டத்தை விட்டுப் போனால் அது குற்றம்தான். போலீஸ் பிடிக்கும், ஜெயிலில் போடும். அந்தச் சட்டம் மாறிச் சில வருடம் ஆகியிருந்தது. ஆனால் மாறியது தோட்டத்துக்குத் தெரியாது, கங்காணிக்குத் தெரியாது, பிடித்துக்கொண்டு வந்த யூசோப்புக்கும் தெரியாது. தெரிந்த சிலர் தெரியாத மாதிரி இருந்துகொண்டார்கள். அதனால் பிடிப்பதும் இழுத்துப் போவதும் பழையபடியே நடந்துகொண்டிருந்தது. புதுச் சட்டத்தைப் படித்தவன் அந்த ஸ்டேஷனில் நீ ஒருத்தன்தான்.

"கங்காணியாரே, எந்தச் சட்டத்துல இவங்களைப் புடிக்கச் சொல்றீங்க?" என்று கேட்டாய்.

கங்காணிக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. "சட்டமா?"

"வேலையை விட்டுப் போறது இப்போ குத்தம் இல்ல. துரைக்கு நஷ்டம்னா சிவில் கோர்ட்டுக்குப் போகட்டும். போலீசுக்கு இதுல வேலை கிடையாது."

கங்காணி சும்மா விடுகிற ஆள் இல்லை. சின்னான் இடுப்பில் செருகியிருந்த பால் வெட்டுகிற கத்தியைக் காட்டினார். "அப்போ திருட்டு? அது தோட்டத்துக் கத்தி. திருட்டுக்குச் சட்டம் இருக்குல்ல?"

அடுப்படி வாசலில் அப்படியே நின்றுவிட்டேன். திருட்டு என்றால் நீ என்ன செய்ய முடியும்? உன் முகத்திலும் ஒரு சின்ன யோசனை ஓடியது, அதையும் பார்த்தேன்.

நீ சின்னானிடம் கேட்டாய். "கத்தி யாருது?"

"சம்பளத்துல புடிச்சுக்கிட்டுத்தானுங்க குடுத்தாங்க. எல்லாருக்கும் அப்படித்தான்."

"நெசமா கங்காணியாரே?"

நீ ஒரு வெள்ளைத் தாளை அவர் பக்கம் தள்ளினாய். குரலை உயர்த்தவே இல்லை. "புகார் குடுங்க, எழுதிக்கறேன். ஆனா துரையே கோர்ட்டுக்கு வந்து, காசு புடிக்கலே, கத்தி தோட்டத்துதுன்னு சத்தியம் பண்ணணும். பொய்ச் சத்தியம்னு ஆயிட்டா அதுக்கும் ஒரு சட்டம் இருக்கு. சம்மதம்தானே?"

அவர் தாளைத் தொடவில்லை. குடையை எடுத்துக்கொண்டு மழையிலேயே இறங்கிப் போனார். போகிற போக்கில் "படிச்ச திமிரு" என்று சொன்னது எனக்குக் கேட்டது. உனக்கும் கேட்டிருக்கும்.

நீ யூசோப்பைத் திட்டவில்லை. ஒரு ரிக்‌ஷா பிடித்து மூன்று பேரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சொன்னாய். நான் கொஞ்சம் கஞ்சி காய்ச்சித் தூக்கில் ஊற்றிக் கொடுத்தேன். குழந்தை பிழைத்துக்கொண்டது என்று பிறகு யூசோப் வந்து சொன்னார். உடம்பு தேறியதும் கோலாலம்பூர் ரயிலில் ஏறிப் போய்விட்டார்களாம். அதற்குப் பிறகு அவர்களைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அந்தப் பெண் இப்போது பாவாடை சட்டை போட்டுக்கொண்டு எங்கேயோ ஓடி விளையாடும் வயசு. எந்தத் தெருவில் இருக்கிறாளோ?

தோட்டத்து துரை மேலிடத்துக்குப் புகார் எழுதினார். உன்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அறைக்கு வெளியே யூசோப் காவல் நின்றார். நீ வீட்டுக்கு வந்து ஒன்றுமே சொல்லவில்லை, உன்னைத் துவான் என்று மரியாதையாகக் கூப்பிடும் அவர்தான் சொன்னார். "துவான் சட்டத்தைக் காட்டினார் அக்கா. போலீஸ் பெரிய துரை வாங்கிப் படிச்சார். மறுபடியும் படிச்சார். 'ரைட்'னு சொன்னார். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டார்."

நீ சொன்னது சரி என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தே உன்னை டெங்கிலுக்கு மாற்றினார்.

தம்பி, அந்த ஜன்னல் பக்கம் அவர் என்னத்தைப் பார்த்தார் என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன்.

டெங்கில் அப்போது வெறும் சதுப்பும் காடும். நடராஜனுக்குப் பள்ளிக்கூடம் கெட்டுவிடும் என்று எங்களைப் பிரிக்பீல்ட்ஸுக்கு அனுப்பிவிட்டு நீ தனியாகப் போனாய். தீபாவளிக்கு வந்தபோது சட்டை உன் உடம்பில் தொங்கியது. கண் மஞ்சளாக இருந்தது. மலேரியாக் காய்ச்சலுக்குக் கொயினா மாத்திரை தின்று தின்று காது எப்போதும் இரைகிறது என்றாய். அப்போதும் உன் பெட்டியில் ஒரு புதுச் சட்டப் புத்தகம் இருந்தது. அங்கே இருக்கிற கான்ஸ்டபிள்களுக்கு மலாயில் கொஞ்சம் கொஞ்சமாக அர்த்தம் சொல்லுகிறேன், ஒருத்தன் நன்றாகப் பிடித்துக்கொள்கிறான் என்று சந்தோஷப்பட்டாய். அப்பா உள்ளறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே வரவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் ஆள் வந்தது. மாட்டு வண்டியில் போட்டு உன்னைக் காஜாங் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருந்தார்கள். நான் வந்தபோது நீ என்னை அடையாளம் கண்டாய். "அப்பா வந்தாரா?" என்று கேட்டாய். வந்துகொண்டிருக்கிறார் என்றேன். பட்டறைக்குச் சொல்லி அனுப்பியிருந்தேன், அவர் வருவாரா என்று எனக்கே தெரியாது. நீ தலையை ஆட்டினாய். அதற்குமேல் பேச முடியவில்லை.

அப்பா வந்தார். வேலை உடுப்போடேயே வந்தார். அவர் வந்தபோது நீ போய்விட்டிருந்தாய், கையில் சூடு மட்டும் இன்னும் ஆறவில்லை. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு கட்டிலோரம் தரையில் உட்கார்ந்துவிட்டார். யார் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் என்னைப் பார்த்து, "நான் படிக்க வெச்சதுதான் இவனைக் கொன்னுபோட்டுச்சு" என்றார். "படிக்காத மாத்தாவா இருந்திருந்தா ரெண்டு பேரையும் புடிச்சுக் குடுத்துட்டு இன்னிக்கு உசுரோட இருப்பான்."

இத்தனை வருடமும் அந்த வார்த்தைதான் நம் வீட்டில் இருந்தது. அதற்கு எதிராக நான் ஒன்றும் பேசவில்லை. என்ன பேசுவது? அவர் சொன்னது பொய் இல்லையே. உனக்கு அந்தச் சட்டம் தெரியாமல் இருந்திருந்தால் நீ டெங்கிலுக்குப் போயிருக்கமாட்டாய். உயிரோடு இருந்திருப்பாய். கல்யாணம் ஆகியிருக்கும், பிள்ளைகள் இருக்கும். ஆனால் அந்தக் குழந்தை? அதைத் தோட்டத்துக்குத் திருப்பி அனுப்பிவிட்டு நீ எப்படி உயிரோடு இருந்திருப்பாய் என்றும் யோசிக்கிறேன். இரண்டில் ஒன்றை நினைத்தால் இன்னொன்று எதிரில் வந்து நிற்கிறது.

இந்த வருடம் நடராஜன் பள்ளிக்கூடக் கடைசிப் பரீட்சை, சீனியர் கேம்பிரிட்ஜ், தேறினான். உன்னைவிட உயரமாக வளர்ந்துவிட்டான். தேறிய மறுவாரமே போலீஸ் வேலைக்குப் போகிறேன் என்று வந்து நின்றான். "மாமா மாதிரி நானும் போறேன்மா. இந்தப் படிப்பே போதும், இப்பவே எடுத்துக்குவாங்களாம். மேல படிச்சு என்ன ஆகப் போகுது? மாமா படிச்சாரு, அவருக்கு என்ன குடுத்தாங்க?"

அப்பா சொன்னது ஒரே வார்த்தை. "இந்த வீட்டுல ஒருத்தனைக் குடுத்தது போதும்." தாத்தாவும் பேரனும் முகம் பார்ப்பதில்லை என்று ஆனது. பழைய கதை மறுபடியும் தொடங்குகிறது என்று பயந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் உன் திதி வந்தது. யூசோப் ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் வந்துவிடுவார் தெரியுமா? தன் கிராமத்திலிருந்து வாழைப்பழத் தாறு ஒன்று கொண்டுவருவார். அப்பாவோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார். இரண்டு பேரும் அதிகம் பேசமாட்டார்கள். இப்போது அவர் சார்ஜன். அந்தச் சின்ன ஸ்டேஷன் அவர் பொறுப்பில்தான் இருக்கிறது.

இந்தத் தடவை அவர் முகம் நன்றாக இல்லை. என்ன விஷயம் என்று கேட்டேன். காப்பியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"துவான் போனதுக்கு அப்புறம், என் ஸ்டேஷனுக்கு யாரைப் புடிச்சு வந்தாலும் நான் கேப்பேன் அக்கா, எந்தச் சட்டம்னு. அவர் கேட்ட மாதிரியே கேப்பேன். ஆனா எனக்கு மலாய் எழுதற ஜாவி எழுத்துதான் தெரியும். சட்டம் எல்லாம் இங்கிலீஷ்ல இருக்கு. ஸ்டேஷன் கிராணிதான் பார்த்துச் சொல்லணும். போன மாசம் ஒரு கங்காணி தோட்டத்து ஆளைக் கொண்டு வந்தான். நான் கேட்டேன். கிராணி புஸ்தகத்தைத் தொறந்து ஒரு நம்பர் சொன்னான். சரின்னு உள்ள வெச்சேன். அந்த ஆளோட பொண்டாட்டி வெளியில மழையில உக்காந்து இருந்துச்சு. அப்புறம் கோர்ட்ல கேட்டா, அப்படி ஒரு குத்தமே இல்லையாம். கிராணி அந்தக் கங்காணிகிட்ட லஞ்சம் வாங்கித் தின்னுட்டான்."

தன் கையை விரித்துப் பார்த்தார்.

"பூட்டுனது நான்தான் அக்கா. இந்தக் கைதான். எனக்கு நல்ல மனசு இருக்கு, அல்லா மேல ஆணை. ஆனா நல்ல மனசு மட்டும் போதல. துவான் இருந்திருந்தா அவரே படிச்சுப் பார்த்து அங்கேயே விட்டிருப்பார்."

நடராஜன் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அவன் உன்னை எப்போதும் ஒரு வீரனாகத்தான் நினைத்திருந்தான். கங்காணியை அடித்து விரட்டிய மாமா என்று சின்ன வயசில் கூட்டாளிகளிடம் கதை சொல்வான். நீ கையை ஓங்கவே இல்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை என்று நான் எத்தனை தடவை சொன்னாலும் அவன் காதில் ஏறாது. அன்றைக்கு ஏறியது. யூசோப்பை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தான்.

"அம்மா, சார்ஜன் இடத்துல நான் இருந்தா, அந்தப் பக்கத்தைப் படிச்சிருப்பேன். ஆனா சரியா புரிஞ்சிருக்குமா?"

"எனக்கு எப்படிடா தெரியும்? நீதான் சொல்லணும்."

"புரியாதும்மா. வார்த்தைக்கு அர்த்தம் தெரியும். அவ்வளவுதான். இது அப்படி இல்லேன்னு ஒரு பெரிய மனுஷன்கிட்ட நின்னு சொல்ல வராது. மேல படிச்சிட்டே போறேன்."

நான் அவனுக்கு மறைக்காமல் ஒன்று சொன்னேன். படித்தால் பதவி உயரும் என்று நினைத்துப் போகாதே, உன் மாமாவுக்கு அது உயரவில்லை, படித்ததனாலேயே கஷ்டம் வரும் என்றேன். தெரியும்மா என்றான். அவனுக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது. பதினேழு வயசுப் பிள்ளை. ஆனால் கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டான்.

நாங்கள் பேசியதெல்லாம் உள்ளறையில் அப்பாவுக்குக் கேட்டிருக்கிறது. மறுநாள் காலை பல் விளக்கிவிட்டு வந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல் கேட்டார்.

"மெட்ராஸ் கப்பல் எப்பப் பொறப்படுதாம்?"

நான் அடுப்படிக்குள் போய் அழுதேன்.

இதுதான் தம்பி நம் வீட்டுச் செய்தி. எதற்கு மாத்தாவுக்குப் பட்டம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியதும் இவ்வளவுதான். ஒரு மனுஷனைப் பூட்டுவதற்கும் திறந்துவிடுவதற்கும் அதிகாரம் கொடுத்த கைக்கு, வக்கீலுக்கும் டாக்டருக்கும் வேண்டிய அளவுக்குப் படிப்பு வேண்டாமா? அவர்களிடமாவது நாம் விரும்பிப் போகிறோம். இவர்களிடம் நம்மை இழுத்துக்கொண்டு போகிறார்கள்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நடராஜன் படித்து முடித்துத் திரும்பி வந்து அந்த உடுப்பைப் போட்டுக்கொண்டால், அவன் சரியானதைச் சொன்னதற்காக அவனையும் ஒரு நாள் எங்காவது தூக்கி அடிப்பார்கள். டெங்கிலோ, அதற்கும் அப்பால் காடோ, எங்கே போட்டாலும் நான் அடுப்பையும் படுக்கையையும் கட்டிக்கொண்டு கூடவே போவேன். அவனுக்குக் காய்ச்சல் வந்தால் நெற்றியில் ஈரத்துணி போட ஒரு கை பக்கத்தில் இருக்கும். நீ தனியாகக் கிடந்த மாதிரி அவன் கிடக்கமாட்டான்.

உன்னோடு ஒரே வயிற்றில் பிறந்த அக்கா,
தையல்நாயகி
பிரிக்பீல்ட்ஸ்